கோ மொழியின் டைமர் வசதி: ஏழு வருடப் பழக்கத்தில் ஒரு மதிப்பீடு

நான் பராமரிக்கும் சேவையின் வேலையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். கருவிகள் நெட்வொர்க் வழியாக வந்து இணைந்துகொள்ளும், அவ்வப்போது சின்னச் சின்னச் செய்திகள் அனுப்பும். ஒரு கருவியிடமிருந்து ஐந்து நிமிடம் எதுவும் வரவில்லை என்றால் அதன் இணைப்பை மூடிவிட்டு, இணைப்பில் இல்லை என்று குறித்துவிட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவறில்லாமல் எண்ணத்தான் ஏழு வருடமாகக் கோ என்ற நிரல் மொழியின் டைம் பேக்கேஜோடு (நேரம் சார்ந்த வேலைகளுக்கான தொகுப்பு) பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பு இரண்டு வருடம் எர்லாங் என்ற இன்னொரு நிரல் மொழியில் இதே மாதிரி வேலை பார்த்தேன். இரண்டையும் கையாண்டவர் என்ற முறையில், இப்போது புதிதாகக் கோவுக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். "இன்னும் பத்து நொடி கழித்து இந்த ஃபங்ஷனை ஓட்டு" என்று சொல்ல கோ மொழியில் ஒரே வரி போதும். டைம்.ஆஃப்டர்ஃபங்க்கிடம் கால அளவையும் ஃபங்ஷனையும் கொடுத்தால், நேரம் ஆனதும் அது தனக்கென ஒரு கோரூட்டினில் (மற்றவற்றோடு கூடவே தனியாக ஓடும் இலகுவான வேலை) ஓடும். வேலைகளை ஓட்டும் த்ரெட்களின் கூட்டமான த்ரெட் பூல் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும், யார் அதை மூடுவது என்ற கவலையெல்லாம் இல்லை. ஜாவாவின் பழைய டைமர் வகுப்பில் எல்லா வேலையும் ஒரே த்ரெட்டில் வரிசையாக நடக்கும். ஒரு வேலை இழுத்தால் பின்னால் நிற்பவை எல்லாம் தாமதமாகும். ஒரு வேலை பிடிபடாத எக்ஸெப்ஷனோடு (ஓடும்போது வரும் பிழை) விழுந்தால் மிச்சம் இருப்பவையும் ஓடாது. கோவில் ஒன்றின் தாமதம் இன்னொன்றைத் தொடாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தத் தனி கோரூட்டினில் பேனிக் (கோவில் ஓட்டத்தை நிறுத்தும் பிழை) வந்து, நீங்கள் அதை அங்கேயே பிடிக்கவில்லை என்றால் புரோகிராம் முழுவதும் விழுந்துவிடும். தாமதமாக ஓடப்போகும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பேனிக்கைப் பிடிக்கும் ரிகவர் வைப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னொரு நல்ல விஷயம், டைமர் ஒரு சேனலாகவும் (கோரூட்டின்கள் மதிப்புகளைக் கைமாற்றிக்கொள்ளும் குழாய்) கிடைப்பது. பல சேனல்களுக்கு ஒரே நேரத்தில் காத்திருக்கும் செலெக்டில் ஒரு பக்கம் செய்தி வரும் சேனல், இன்னொரு பக்கம் டைமரின் சேனல். எது முதலில் வருகிறதோ அதன் பக்கம் ஓடும். காத்திருப்பதும் காலக்கெடுவும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சாதாரண வேலைக்கு இதைவிடத் தெளிவாக எழுத எனக்கு வேறு மொழியில் வாய்த்ததில்லை.

என் முதல் சிக்கலும் இந்தத் தெளிவிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு லூப், உள்ளே ஒரு செலெக்ட், அதில் ஒரு பக்கம் டைம்.ஆஃப்டர் ஐந்து நிமிடம். படிக்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் டைம்.ஆஃப்டர் ஒரு புது டைமரைப் பிறப்பிக்கிறது. செய்தி வந்ததும் பழைய டைமரை யாரும் கவனிப்பதில்லை, ஆனாலும் அது உயிரோடு இருக்கிறது. அன்றைய கோ பதிப்புகளில், நிறுத்தப்படாத டைமரை நேரம் முடியும்வரை கார்பேஜ் கலெக்டர் (தேவையற்ற நினைவகத்தைத் தானாக மீட்கும் பகுதி) தொடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 10,000 செய்தி வந்தால், ஐந்து நிமிடத்துக்கு 300 நொடி, ஆக 30 லட்சம் டைமர்கள் யாருக்கும் பயனில்லாமல் நினைவகத்தில் கிடக்கும். செய்தி குறைவான நேரத்தில் ஒன்றும் தெரியாது, கூட்டம் வரும்போதுதான் நினைவகம் ஏறும். நினைவகத்தை யார் எடுக்கிறார்கள் என்று காட்டும் புரொஃபைலை எடுத்துப் பார்த்தபோது மேலே நின்றது எங்கள் கோடு (நிரல் வரிகள்) எதுவும் இல்லை, டைமரை உருவாக்கும் ஃபங்ஷன்தான்.

சரி, இணைப்புக்கு ஒரே டைமர் வைத்துக்கொண்டு, செய்தி வரும்போதெல்லாம் அதை ரீசெட் செய்யலாம் என்று மாற்றினேன். இங்கேதான் இந்த பேக்கேஜின் பழைய பலவீனம் வெளிப்பட்டது. அப்போது டைமரின் சேனலில் ஒரு மதிப்பு தங்க இடம் உண்டு. நான் ஒரு செய்தியைக் கையாண்டுகொண்டிருக்கும்போதே ஐந்து நிமிடம் முடிந்தால், டைமர் தன் மதிப்பைச் சேனலில் போட்டுவிட்டுப் போய்விடும். பிறகு நான் ரீசெட் செய்கிறேன். டைமர் புதிதாக எண்ணத் தொடங்குகிறது, ஆனால் பழைய மதிப்பு சேனலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த செலெக்ட் அதை எடுத்து, "நேரம் முடிந்தது" என்று நம்பி, இப்போதுதான் பேசிய கருவியின் இணைப்பை மூடிவிடும்.

இதற்கு ஆவணத்திலேயே ஒரு வழி சொல்லியிருந்தார்கள். முதலில் ஸ்டாப் செய், அது பொய் என்று திருப்பித் தந்தால் சேனலிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துவிடு, அப்புறம் ரீசெட் செய். அப்படியே எழுதினேன். ஆனால் ஸ்டாப் பொய் என்று சொல்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மதிப்பு இன்னும் சேனலில் இருக்கலாம், அல்லது செலெக்ட் அதை ஏற்கெனவே எடுத்திருக்கலாம். இரண்டாவது நிலையில் காலியான சேனலிலிருந்து எடுக்கப் போனால் அந்த கோரூட்டின் அங்கேயே நின்றுவிடும், எப்போதும் திரும்பாது. மதிப்பை எடுத்தாயிற்றா என்று ஆம்/இல்லை மட்டும் வைக்கும் ஒரு தனி பூலியன் வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் பல வருடம் ஓட்டினேன். இணைப்பை மூடும் லூப்பில் இருபது வரி என்றால், அதில் எட்டு வரி இந்தக் கணக்குதான்.

2024 ஆகஸ்டில் வந்த கோ 1.23 இதை அடியோடு சரிசெய்தது. டைமரின் சேனலில் இப்போது மதிப்பு தங்குவதில்லை. ஸ்டாப்போ ரீசெட்டோ திரும்பி வந்த பிறகு பழைய மதிப்பு எதுவும் உங்கள் கைக்கு வராது என்பது உறுதி. யாரும் பிடித்துவைத்திருக்காத டைமரை, நிறுத்தாவிட்டாலும் கார்பேஜ் கலெக்டர் எடுத்துக்கொள்ளும். லூப்புக்குள் டைம்.ஆஃப்டர் எழுதினால் நினைவகம் வீங்கும் என்ற பயம் போய்விட்டது. அந்த எட்டு வரியையும் அழித்தேன். இத்தனை வருடம் கழித்து, ஏற்கெனவே எழுதப்பட்ட கோடுகளை உடைக்காமல் இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்ததற்காக அந்தக் குழுவுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. நிரலை இயக்கத்தக்கதாக மாற்றும் கம்பைலரின் புதுப் பதிப்பை நிறுவினால் மட்டும் இது வராது. உங்கள் புராஜெக்டின் கோ.மாட் கோப்பில் எழுதியிருக்கும் பதிப்பு 1.23 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எங்கள் கோப்பில் பழைய எண்ணே இருந்ததால், கம்பைலரை ஏற்றிய பிறகும் சில வாரம் பழைய நடத்தையோடுதான் ஓடிக்கொண்டிருந்தோம். அதேபோல், டைமரின் சேனலில் ஏதாவது இருக்கிறதா என்று நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கோடு எங்காவது இருந்தால் இப்போது அது எப்போதும் பூஜ்யம்தான் சொல்லும். அதை, எதுவும் வராவிட்டால் காத்திருக்காமல் திரும்பும் டீஃபால்ட் வைத்த செலெக்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சேனல் வழி டைமர் பற்றி. ஆஃப்டர்ஃபங்க் கதை வேறு. இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பல இணைப்புகளுக்கு ஆளுக்கொரு லூப் வேண்டாம் என்று சேவையின் ஒரு பகுதியை ஆஃப்டர்ஃபங்க்குக்கு மாற்றினேன். ஐந்து நிமிடம் கழித்து "மூடு" என்ற ஃபங்ஷன் ஓடும். செய்தி வந்தால் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும் பூட்டு) எடுத்து, செய்தியைக் கையாண்டு, டைமரை ரீசெட் செய்து, லாக்கை விடுவேன். மூடு ஃபங்ஷனும் அதே லாக்கை எடுத்துத்தான் இணைப்பை மூடும். லாக் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு புகார் வந்தது: கருவி வேலை செய்துகொண்டே இருக்கிறது, திரையில் மட்டும் இணைப்பில் இல்லை என்று காட்டுகிறது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், செய்தி வந்தது என்ற வரிக்கு அடுத்த வரியே இணைப்பு மூடப்பட்டது என்று இருந்தது. இரண்டுக்கும் ஒரே மில்லிநொடி. எல்லாப் புகாரும் ஒரே வகைக் கருவிகளிடமிருந்து வந்தன. அவை சரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்தி அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தன. எங்கள் காலக்கெடுவும் அதே ஐந்து நிமிடம். இரண்டும் ஒரே நொடியில் மோதிக்கொண்டிருந்தன.

அந்த ஒரு மில்லிநொடிக்குள் என்ன நடக்கிறது என்று தாளில் வரைந்து பார்த்தேன். செய்தியைக் கையாளும் கோரூட்டின் லாக்கைப் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் முடிகிறது. மூடு ஃபங்ஷன் தன் கோரூட்டினில் புறப்பட்டு, லாக்குக்காக வாசலில் நிற்கிறது. இந்தப் பக்கம் நான் ரீசெட் செய்கிறேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு டைமர் பதிவாகிறது, ஆனால் ஏற்கெனவே புறப்பட்டு நிற்பதை ரீசெட்டால் திரும்ப அழைக்க முடியாது. நான் லாக்கை விட்டதும் அது உள்ளே வந்து, நிம்மதியாக இணைப்பை மூடிவிட்டுப் போகிறது. என்னோடு வேலை பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரீசெட் என்ன திருப்பித் தருகிறது என்று நீங்க பார்க்கவே இல்லையே?" என்றார். பார்த்திருந்தால், பொய் என்ற பதிலிலிருந்து ஃபங்ஷன் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்த பிறகும் அதை நிறுத்த வழியில்லை. ஆவணமும் இதை ஒளிக்கவில்லை. ஸ்டாப்பும் சரி, ரீசெட்டும் சரி, ஓடத் தொடங்கிய ஃபங்ஷன் முடியும்வரை காத்திருக்காது, அந்த ஒருங்கிணைப்பு அழைப்பவரின் பொறுப்பு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். 1.23 இந்த இடத்தில் எதையும் மாற்றவில்லை.

இதற்கு இரண்டு தீர்வு எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, தலைமுறை எண். ஒவ்வொரு முறை டைமர் வைக்கும்போதும் ஒரு எண்ணை ஒன்று கூட்டி, அந்த எண்ணையே ஃபங்ஷனுக்குள் கொடுத்து அனுப்புவது. ஃபங்ஷன் லாக்கை எடுத்ததும், தன் கையில் இருக்கும் எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும், இல்லை என்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இதில் ரீசெட் உதவாது, ஏனென்றால் ரீசெட் பழைய எண்ணோடு பழைய ஃபங்ஷனையே ஓட்டும். ஸ்டாப் செய்து, புது எண்ணோடு புது ஆஃப்டர்ஃபங்க் வைக்க வேண்டும். ஒருவர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, கை நின்ற பிறகு ஒரே ஒரு முறை தேடுவது போன்ற வேலைகளுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

என் ஐந்து நிமிட வேலைக்கு இரண்டாவது வழி இன்னும் நன்றாகப் பொருந்தியது. செய்தி வரும்போது டைமரைத் தொடுவதே இல்லை. லாக் எடுத்து, கடைசியாகச் செய்தி வந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன். டைமர் தன் நேரத்துக்கு அடித்து, ஃபங்ஷன் லாக்கை எடுத்து, கடைசி செய்திக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். ஐந்து நிமிடம் ஆகவில்லை என்றால் மிச்சம் இருக்கும் நேரத்துக்குத் தன்னைத் தானே மறுபடி வைத்துக்கொண்டு திரும்பிவிடும். ஆகியிருந்தால்தான் மூடும். வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்தாலும், அது பார்ப்பது அப்போதைய உண்மை நிலையை. நொடிக்கு 10,000 முறை டைமரை நகர்த்திய இடத்தில், இப்போது ஒரு இணைப்புக்கு ஐந்து நிமிடத்தில் ஓரிரு முறைதான் டைமர் வேலையே நடக்கிறது. கூடவே கருவிகளின் இடைவெளியையும் இரண்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னோம். அந்த வகைப் புகார் அதன் பிறகு வரவில்லை.

எர்லாங்கில் இந்தச் சிக்கல் ஏன் என்னைத் தொடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே ஸ்டார்ட்_டைமர் அழைத்தால் ஒரு ரெஃபரன்ஸ் கிடைக்கும். நேரம் ஆனதும் எந்த ஃபங்ஷனும் தானாக ஓடாது. உங்கள் பிராசஸின் (எர்லாங்கில் தனித்து ஓடும் சிறு வேலை) அஞ்சல்பெட்டிக்கு ஒரு செய்தி வரும், அந்தச் செய்தியிலேயே அதே ரெஃபரன்ஸும் இருக்கும். ரத்து செய்த பிறகும் பழைய செய்தி வந்து சேர்ந்திருந்தால், ரெஃபரன்ஸை ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளிவிடலாம். நான் கோவில் கையால் செய்த தலைமுறை எண்ணை அங்கே மொழியே கையில் கொடுத்துவிடுகிறது. செய்திகளை ஒவ்வொன்றாகக் கையாள்வதும் அந்த ஒரே பிராசஸ்தான் என்பதால் லாக்குக்கே வேலை இல்லை. பிராசஸ் இறந்துபோனால் அதற்கென வைத்த டைமரும் தானாக ரத்தாகிவிடும். நிலைகளாகப் பிரித்து எழுத உதவும் எர்லாங்கின் ஜென்_ஸ்டேட்எம்மில் நிலைக்கான காலக்கெடு வைத்தால், நிலை மாறியதும் அதுவே ரத்தாகும். தாமத வேலையை ரத்து செய்வது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் பார்த்தால் எர்லாங்குக்கே என் ஓட்டு. கோவிலும் இதே ஒழுங்கைக் கொண்டுவரலாம்: ஒரு நிலையை ஒரே கோரூட்டின் வைத்துக்கொண்டு, ஆஃப்டர்ஃபங்க் நேரடியாக எதையும் மாற்றாமல், எண்ணோடு ஒரு செய்தியை மட்டும் அதன் சேனலுக்கு அனுப்புவது. புது சேவைகளை நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், வேகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஆரம்பத்தில் எல்லா டைமரும் ஒரே ஹீப்பில் (அடுத்து அடிக்க வேண்டியதை உச்சியில் வைக்கும் மர அமைப்பு), ஒரே லாக்குக்குக் கீழே இருந்தன. 2018இல் வந்த 1.10 அதை 64 ஹீப்பாகப் பிரித்தது. 2020இல் வந்த 1.14, கோரூட்டின்களை முறைவைத்து ஓட்டும் ஷெட்யூலரின் ஒவ்வொரு பிராசசருக்கும் அதனதன் ஹீப் என்று மாற்றியது. டைமருக்கென்று தனியாக ஓடிக்கொண்டிருந்த கோரூட்டினும் அப்போது போய்விட்டது, ஷெட்யூலரே அடுத்து எது அடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முனைக்கும் நான்கு கிளை உள்ள ஹீப் என்பதால் உயரம் குறைவு. ஜார்ஜ் வர்கீஸ், டோனி லாக் என்ற இருவர் 1987இல் விவரித்த, டைமர்களைச் சக்கரத்தின் கட்டங்களில் அடுக்கும் டைமிங் வீல் முறையைத்தான் லினக்ஸ் கெர்னலும் ரஸ்ட் மொழியின் டோக்கியோ நூலகமும் பயன்படுத்துகின்றன. அதில் டைமரை வைப்பதும் எடுப்பதும் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறாது, ஆனால் நேரம் சற்று முன்னே பின்னே கட்டங்களாகத்தான் கிடைக்கும். கோ ஹீப்பிலேயே இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அடிக்காமலே ரத்தாகும் டைமர்கள் மிக அதிகமாக இருக்கும் இடத்தில், மேலே சொன்ன கடைசி நேரத்தைக் குறித்துவைக்கும் முறையே போதுமானதாக இருந்தது.

அடுத்து டெஸ்ட். இந்த பேக்கேஜை நான் இப்போது மனதாரப் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். முன்பெல்லாம் ஐந்து நிமிடக் காலக்கெடுவை டெஸ்ட் செய்ய இரண்டே வழி. ஒன்று, டெஸ்டில் மட்டும் ஐந்து நிமிடத்தை ஐம்பது மில்லிநொடியாக்கி, மெதுவான கணினியில் அது அவ்வப்போது தோற்பதைச் சகித்துக்கொள்வது. இல்லையென்றால் போலிக் கடிகாரம் ஒன்றை எழுதி, கோடு முழுவதும் அதைக் கையில் கொடுத்துக்கொண்டே போவது. 1.24இல் சோதனையாக வந்து, 2025 ஆகஸ்டில் 1.25இல் நிலைபெற்ற சிங்க்டெஸ்ட் என்ற டெஸ்ட் பேக்கேஜ் இரண்டையும் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. அது அமைக்கும் தனிச் சூழலான குமிழிக்குள் ஓடும் கோடுக்குத் தனிக் கடிகாரம். அது 2000 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கும். உள்ளே இருக்கும் எல்லா கோரூட்டினும் காத்திருக்கும் நிலைக்கு வந்ததும், அடுத்த டைமர் எப்போதோ அந்த நேரத்துக்கு ஒரே தாவலில் போய்விடும். "4 நிமிடம் 59 நொடி தூங்கு, ஒரு செய்தி அனுப்பு, இன்னும் 4 நிமிடம் 59 நொடி தூங்கு, இணைப்பு திறந்தே இருக்கிறதா பார், இன்னும் இரண்டு நொடி தூங்கு, மூடியிருக்கிறதா பார்" என்று அப்படியே எழுதினேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கவனிக்க வேண்டியது, உண்மையான நெட்வொர்க் இணைப்பில் காத்திருப்பதையும் மியூட்டெக்ஸ் என்ற லாக்கில் காத்திருப்பதையும் இது காத்திருப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. நெட்வொர்க்குக்குப் பதில் நினைவகத்துக்குள் இயங்கும் நெட்.பைப்பை வைத்துக்கொண்டேன்.

கால அளவின் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூரேஷன் என்பது நானோநொடிகளின் எண்ணிக்கை. டைம்.ஸ்லீப்புக்கு வெறும் 5 என்று கொடுத்தால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஐந்து நானோநொடிதான் தூங்கும். அமைப்புக் கோப்பிலிருந்து படித்த 30 என்ற எண்ணை நொடியால் பெருக்க மறந்து, நேராக டியூரேஷனாக மாற்றிவிட்டேன் ஒருமுறை. தோற்ற அழைப்பை முப்பது நொடி கழித்து மறுபடி முயல வேண்டியது, இடைவெளியே இல்லாமல் எதிர்ப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அமைப்புக் கோப்பில் எண் மட்டும் எழுத விடுவதில்லை. அலகோடு சேர்த்து எழுதச் சொல்லி, பார்ஸ்டியூரேஷன் வழியாகத்தான் படிக்கிறேன்.

டைமர் கேட்ட நேரத்துக்கு முன்னால் அடிக்காது, தாமதமாக அடிக்கலாம். சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப அடிக்கும் டிக்கர், நீங்கள் மெதுவாக இருந்தால் இடையில் உள்ள அடிகளை விட்டுவிடும், சேர்த்துவைத்துத் தராது. எத்தனை முறை அடித்தது என்பதை வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது. 2017இல் வந்த 1.9 முதல் கோவின் நேரத்தில் ஒரே திசையில் ஓடும் கடிகாரமும் சேர்ந்திருப்பதால், யாராவது கணினியின் நேரத்தை மாற்றினாலும் இரண்டு நேரங்களின் இடைவெளி சரியாகவே வரும். ஆனால் சில கணினிகளில், கணினி உறங்கும்போது அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். "நாளை காலை ஒன்பது மணி" என்பதற்கு 24 மணி நேர டைமர் வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சேவையை மறுபடி தொடங்கினால் நினைவகத்தில் இருந்த எல்லா டைமரும் போய்விடும். தவறவிடக் கூடாத தாமத வேலை என்றால் அதன் இடம் டேட்டாபேஸ். டைமரை அதை எட்டிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் வேண்டியது ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் முடியும்வரை காத்திருக்கும் இன்னொரு வகை ஸ்டாப். அதை ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அழைத்தால் தனக்குத் தானே காத்துக்கொண்டு நின்றுவிடும் என்ற சிக்கல் புரிகிறது. இருந்தாலும், சேவையை மூடும்போது "இனி எதுவும் ஓடாது" என்று உறுதியாகச் சொல்ல, இன்றும் பல கோரூட்டின்கள் முடியக் காத்திருக்கும் வெயிட்குரூப் ஒன்றை நானே கட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் சேவையில் பழைய ரீசெட் முறையில் இன்னும் இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் அவற்றையும் கடைசி நேரம் பார்க்கும் முறைக்கு மாற்றி, சிங்க்டெஸ்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.